மலையாட்டுக்கு எந்தத் துப்பாக்கி? – ஒரு சமவெளிக்காரனின் அதிகப்பிரசங்கித்தனம்

டிஸ்கி 1: நம்ம நாட்டுல காட்டு விலங்கை வேட்டையாடுறது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இதைப் படிச்சிட்டு யாராவது நீலகிரிப் பக்கம் கிளம்பினா கம்பெனி பொறுப்பேற்காது.

டிஸ்கி 2: ரத்தம், கறி, துப்பாக்கி இதெல்லாம் ஆகாதவங்க இப்பவே எஸ்கேப் ஆகிடலாம். கோவிச்சுக்க மாட்டேன் :-)

போன வாரம் காலையில பல்லு விளக்கிக்கிட்டு இருக்கேன், நியூசிலாந்து கிறைஸ்ட்சர்ச்ல இருந்து தோஸ்த் மெசேஜ். அங்க மத்தியானச் சாப்பாட்டு நேரம். பள்ளிக்கூடத்துல பக்கத்து பெஞ்சு, இப்ப அங்கயும் பொட்டிதான் தட்டுறான். "மாப்ள, ரைபிள் வாங்கப் போறேன். தார் வேட்டைக்கு. .300 வின்செஸ்டர் மேக்னம், கார்பன் ஃபைபர் கட்டை, மொத்தமே ரெண்டரை கிலோ. எப்படி?"

என்னைப் போய் ஏன் கேக்குறான்னு உங்களுக்குத் தோணும். காரைக்கால்ல பொறந்தவன் நான். எங்க ஊர்ல மேடுன்னா அது கடற்கரை மணல்மேடு, இல்லைன்னா அரசலாத்துப் பாலம். மலையைப் பாக்கணும்னா திருச்சி தாண்டணும். ஆனா எட்டாவது படிக்கும்போது கார்பெட் புத்தகம் கையில கிடைச்ச நாள்லேர்ந்து எனக்குத் துப்பாக்கி பத்திப் படிக்கிற வியாதி உண்டு. வாங்குற ஐடியா இல்லை, லைசென்சுக்கு அலையற தெம்பும் இல்லை. கிரிக்கெட் ஆடத் தெரியாதவன் ஸ்கோர் புள்ளிவிவரம் மனப்பாடமா ஒப்பிப்பான் பாருங்க, அந்த வகை.

அவனுக்கு ரெண்டு வரியில பதில் அடிக்க உட்கார்ந்தேன். அது ரெண்டு பக்கமாச்சு. சரி, மிச்சத்தையும் சேர்த்து இங்கயே கொட்டிடலாம்னுதான் இந்தப் பதிவு.

என் பதில் ஒரு வரியில இதுதான்: அந்த ரெண்டரை கிலோ மேக்னத்தை வாங்காதே. மூணு கிலோ பக்கத்துல ஒரு சாதாரண போல்ட் ஆக்‌ஷன், 7எம்எம்-08 மாதிரி ஒரு சாதுவான காலிபர், அது போதும். ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி தார்னா என்னன்னு சொல்லிடறேன்.

நமக்குத் தெரிஞ்ச தார் வரையாடு. தமிழ்நாட்டோட மாநில விலங்கு. இது நீலகிரி தார். அவன் சுடப் போறது இமாலயத் தார். 1904ல பெட்ஃபோர்ட் பிரபு அனுப்பிவச்ச சில ஆடுகளை நியூசிலாந்து மவுண்ட் குக் பக்கத்துல அவுத்து விட்டாங்க, வேட்டைக்குப் பொழுதுபோகும்னு. அந்த ஊர்ல வௌவாலைத் தவிர மண்ணுக்குச் சொந்தமான தரைப் பாலூட்டியே கிடையாது. மேயறதுக்கு ஆடே இல்லாம வளர்ந்த மலைச்செடி, தின்னு தள்ளுறதுக்கு ஆட்டுக்கு ஒரு குறையும் இல்லை. பெருகிடுச்சு. 1993ல அரசாங்கம் ஒரு திட்டம் போட்டு, மொத்தம் 10,000க்கு மேல போகக் கூடாதுன்னு வச்சாங்க. ஹெலிகாப்டர்ல போயும் சுடறாங்க. அப்படிச் சுட்டுத் தள்ளினா எங்களுக்கு என்ன மிச்சம்னு 2020ல வேட்டைக்காரங்க கோர்ட்டுக்கே போனாங்க. எப்படி இருக்கு பாருங்க. இங்க 2022ல வரையாட்டைக் காப்பாத்த 25.14 கோடியில திட்டம் அறிவிச்சு, ஒவ்வொரு மலையா ஏறித் தலை எண்ணுறோம். 2024 கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல 1,031, 2025ல 1,303. அங்க பத்தாயிரத்தைத் தாண்டாம பாத்துக்கறதே வேலை.

ரெண்டும் அண்ணன் தம்பின்னு நான் ரொம்ப நாள் நெனச்சுக்கிட்டு இருந்தேன். 2005ல மரபணு பாத்துப் பிரிச்சிட்டாங்க. இமாலயத் தார் வெள்ளாட்டுப் பக்கம், நம்ம வரையாடு செம்மறிப் பக்கம். தூரத்துச் சொந்தம்தான். இருந்தாலும் அவன் அனுப்பின போட்டோவுல பாறை விளிம்புல நிக்கிற கடாவைப் பாத்ததும் வயித்துல என்னமோ பண்ணிச்சு. மூணாறுல, இரவிகுளத்துல, கைக்கெட்டுற தூரத்துல மேஞ்ச வரையாடு ஞாபகம் வந்துச்சு. சுடாதடான்னு சொல்லலாமான்னு கொஞ்ச நேரம் யோசிச்சேன். சொல்லலை. அவன் சுடலைன்னா ஹெலிகாப்டர்காரன் சுடுவான், கறி அப்படியே மலையில கிடந்து அழுகும். இவன் கறியை வீட்டுக்குக் கொண்டு வருவான். சட்டப்படி அனுமதியும் இருக்கு. அப்ப என் கவலை ஒண்ணே ஒண்ணுதான். அது சாகறதுன்னா உடனே சாகணும்.

இங்கதான் அந்த ரெண்டரை கிலோ பிரச்சனை பண்ணுது.

எடை குறைஞ்ச துப்பாக்கி மேல எல்லாருக்கும் ஒரு மோகம். மலை ஏறும்போது ஒவ்வொரு கிராமும் கணக்குங்கறது உண்மைதான். எங்க அம்மாவோட அப்பா பிரெஞ்சு ராணுவத்துல சொல்தாவா இருந்தவர். எங்க ஊர் 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரன் கையில இருந்ததால அப்படி நெறைய தாத்தாக்கள் உண்டு, பென்ஷன் ஃபிராங்க்ல வந்து அப்புறம் யூரோவா மாறினவங்க. இந்தோசீனாவுல இருந்தப்ப அவர் தூக்கிட்டு நடந்தது மாஸ்-36 ரைபிள். காலியாவே 3.7 கிலோ. சண்டைக் கதை சொல்லுங்க தாத்தான்னு கேட்டா ஒரு கதையும் சொல்ல மாட்டார். நடந்ததை மட்டும் சொல்லுவார். மழை, சேறு, அட்டை, திரும்ப நடை. "சாயங்காலம் ஆனா தம்பி, அது துப்பாக்கியில்ல, தோள்ல ஒரு பொணம்"னுவார். அதனால எடையை நான் கிண்டல் பண்ணலை.

ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. தோஸ்த் ஆசைப்படறது ரெண்டரை கிலோ. நான் சொல்றது மூணு, மூணேகால். ஃபின்லாந்துக்காரன் பண்ற டிக்கா டி3எக்ஸ் லைட் கிட்டத்தட்ட 2.9 கிலோ, நியூசிலாந்துல தெருவுக்கு நாலு பேர் வச்சிருப்பான். அமெரிக்கக் கிம்பர் மவுண்டன் அசென்ட் 2.2 கிலோ வரைக்கும் இறங்குது, விலை மட்டும் ஏறுது. வித்தியாசம் எழுநூறு கிராம். முக்கால் லிட்டர் தண்ணி பாட்டில். தோஸ்த்தை 2023ல ஆன்சைட் போனப்ப நேர்ல பாத்தேன், தொப்பை மட்டும் ஆறு கிலோ தேறும். (மன்னிச்சுக்கடா, நீ இதைப் படிப்பேன்னு தெரியும்.) அதுல ஒரு கிலோவைக் குறைச்சா துப்பாக்கிக்குச் செலவழிக்கிற காசு மிச்சம்.

சரி, எடை குறைஞ்சா என்ன நஷ்டம்? பிளஸ் டூ பிசிக்ஸ். குண்டு முன்னாடி எவ்வளவு உந்தத்தோட போகுதோ, அதே உந்தத்தோட துப்பாக்கி பின்னாடி வரும். உந்தம் மாறாது. எடையைக் குறைச்சா வேகம் கூடும், வேகம் கூடினா உதையோட ஆற்றலும் கூடும். எக்செல்ல போட்டுப் பாத்தேன், ஆபீஸ் நேரத்துலதான், மேனேஜர் இந்தப் பக்கம் வர மாட்டார். 7எம்எம்-08, 140 கிரெயின் குண்டு, நம்ம கணக்குல 9 கிராம் சொச்சம், நொடிக்கு 850 மீட்டர் வேகம். 3.2 கிலோ துப்பாக்கியில தோளுக்கு வர்றது தோராயமா 22 ஜூல். .300 வின்செஸ்டர் மேக்னம், 180 கிரெயின், நொடிக்கு 900 மீட்டர், மருந்தும் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல. அதை ரெண்டரை கிலோ துப்பாக்கியில வச்சா 64 ஜூல். மூணு மடங்கு.

ஜூல்னு சொன்னா ஒண்ணும் புரியாது. எனக்கும் புரியலை, அந்த 2023 வரைக்கும்.

காலேஜ்ல என்.சி.சி.யில .22 சுட்டிருக்கேன். குப்புறப் படுத்துக்கிட்டு அஞ்சு ரவுண்டு. அதுல உதையே தெரியாது, பட்டுனு ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்தத் தைரியத்துல கிறைஸ்ட்சர்ச் பக்கத்துல ஒரு ரேஞ்சுக்குப் போனோம். அங்க லைசென்ஸ் இருக்கிறவர் பக்கத்துலயே நின்னு மேற்பார்வை பாத்தா லைசென்ஸ் இல்லாதவனும் சுடலாம். தோஸ்த்தோட ஆபீஸ் நண்பர், ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், ரெண்டு ரைபிள் கொண்டு வந்தார். முதல்ல .308. தோள்ல ஒரு தட்டு, பரவாயில்லை. நூறு மீட்டர்ல மூணும் உள்ளங்கைக்குள்ள விழுந்துச்சு, எனக்கே கர்வம். அடுத்தது .300 மேக்னம், எடை குறைஞ்ச மாடல். முதல் குண்டுல மூக்குக் கண்ணாடி நெத்திக்குப் போயிடுச்சு. ரெண்டாவதுல தோள் எரிஞ்சுது. மூணாவது, தாள்லயே இல்லை.

நாலாவது ரவுண்டைப் பெரியவரே போட்டுக் கொடுத்தார். நான் குறி பாத்து மூச்சை விட்டு மெதுவா ட்ரிக்கரை அழுத்தினேன். டிக்.

உள்ள தோட்டா இல்லை. வேணும்னே போடாம கொடுத்திருக்கார். வெடிக்காத துப்பாக்கியோட முனை என் கையில ஒரு சாண் கீழ இறங்கி நிக்குது. கண்ணு ரெண்டும் மூடியிருக்கு. தோளை முன்னாடி தள்ளியிருக்கேன். உதை வரப்போகுதுன்னு உடம்பு தானா முடிவு பண்ணிடுச்சு, என்னைக் கேக்கவே இல்லை. பெரியவர் ஒண்ணும் சொல்லலை, சிரிக்கவும் இல்லை. துப்பாக்கியை வாங்கித் துடைச்சு உறையில போட்டுட்டார். தோஸ்த்தும் அப்ப பக்கத்துலதான் நின்னான். நல்லா சிரிச்சான். இப்ப அதே காலிபரை வாங்கறேன்கறான். அவ்வ்வ்வ்.

அவன் வாதம் என்னன்னா, "மாப்ள, மலையில தூரம் அதிகம். முந்நூறு நானூறு மீட்டர் சுடணும். மேக்னம்தான் நேராப் போகும்." எல்லாரும் சொல்றதுதான். இதையும் கணக்கு போட்டேன். ரெண்டையும் 200 மீட்டர்ல சரியா விழற மாதிரி ஸ்கோப்பைத் திருத்தி வச்சுக்குவோம். 300 மீட்டர்ல 7எம்எம்-08 குண்டு ஒரு சாண் அளவுக்குக் கீழ இறங்கும். மேக்னம், ஒரே மாதிரி வடிவக் குண்டுன்னா, அதைவிட ரெண்டு மூணு சென்டிமீட்டர் குறைவா இறங்கும். அவ்வளவுதான்! ரெண்டு விரக்கடைக்காக மூணு மடங்கு உதை. தாரோட நெஞ்சுக்கூட்டுல இதயமும் நுரையீரலும் இருக்கிற இடம் ஏறக்குறைய ஒரு சாண் வட்டம். நடுவுல குறி வச்சா ரெண்டு துப்பாக்கிக்குமே 300ல திருத்தம் தேவை. திருத்தம் பண்ணத் தெரிஞ்சவனுக்கு எதுவும் ஒண்ணுதான், தெரியாதவனை மேக்னமும் காப்பாத்தாது.

நானூறுல முழத்துக்கு மேல இறங்கும். காத்து வேற இருக்கு. குண்டு எவ்வளவு இறங்கும்கறதை லேசர் மீட்டர் வச்சு முன்கூட்டியே சொல்லிடலாம். காத்தைச் சொல்ல முடியாது. குறுக்கே மணிக்கு 16 கிலோமீட்டர் காத்து, நம்ம கடற்கரையில சாயங்காலம் சாதாரணமா அடிக்கிறது, 300 மீட்டர்ல குண்டை ஒரு சாண் பக்கவாட்டுல தள்ளிடும். பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கம் ஒரு காத்து, நடுவுல வேற காத்து, ஆடு நிக்கிற பாறைகிட்ட காத்தே இல்லை. அதை எந்தக் காலிபரும் முழுசா ஜெயிக்காது. எங்க ஊர் மீனவர்களைக் கேளுங்க, கரையில நின்னு கடல் காத்தைச் சொல்றவனை அவங்க எப்படிப் பாப்பாங்கன்னு.

மலைக்கே உரிய இன்னொரு கூத்து சரிவு. 40 டிகிரி மேல் நோக்கி நிக்கிற ஆடு, லேசர்ல 300 மீட்டர்னு காட்டும். ஆனா புவியீர்ப்பு பாக்கறது கிடைத்தளத் தூரத்தை மட்டும்தான். 300ஐ காஸ் 40ஆல பெருக்கினா 230. முந்நூறுன்னு நெனச்சு தூக்கி அடிச்சா குண்டு முதுகுக்கு மேல போயிடும். மேல் நோக்கிச் சுட்டாலும் கீழ் நோக்கிச் சுட்டாலும் இதே கதைதான், ரெண்டுலயும் குறியை இறக்கணும். இஞ்சினியரிங் படிச்சதுக்கு ட்ரிக்னாமெட்ரி எதுக்குன்னு நாலு வருஷம் கேட்டுக்கிட்டு இருந்தேன், பதில் நியூசிலாந்துல கிடைச்சுது.

ஆகவே நானூறு மீட்டர் பேச்சையே விடு, 250க்குள்ள போ, போக முடியலைன்னா சுடாதே. இதுதான் நான் அவனுக்கு எழுதினது. 250க்குள்ளன்னா 7எம்எம்-08, .308, 6.5 கிரீட்மூர், பழைய .270, எதுவா இருந்தாலும் தார் விழும். இந்த நாலுக்குள்ள சண்டை போடறவங்க இன்னும் போட்டுக்கிட்டே இருக்காங்க. எனக்கு அதுல அக்கறை இல்லை. ஊர்க்கடையில எந்தத் தோட்டா எப்பவும் கிடைக்குதோ அதை வாங்கு. பயிற்சிக்கு நூறு ரவுண்டு சுடறப்ப பர்ஸ் தாங்கணும்.

"சின்ன காலிபர்"னு சிரிக்கிறவங்களுக்கு நம்ம ஊர்க் கதை ஒண்ணு. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதுக்காக 1907ல ஜிம் கார்பெட்டுக்கு ஐக்கிய மாகாண லெப்டினன்ட் கவர்னர் ஹெவெட் பரிசாக் கொடுத்தது .275 ரிக்பி. பேர்தான் இங்கிலீஷ். உள்ள போற தோட்டா ஜெர்மன்காரனோட 7x57 மவுசர், 1890களோட ஆரம்பத்துல வந்தது. 7எம்எம்-08ங்கறது குணத்துல கிட்டத்தட்ட அதேதான், 1980ல ரெமிங்டன் குட்டையாப் பண்ணிக் கொண்டு வந்தான், அவ்வளவு. 1926 மே மாசம் ருத்ரபிரயாகைச் சிறுத்தை அந்த .275க்குத்தான் விழுந்துச்சு. மாமரத்துல உக்காந்து கிட்டக்க வச்சுச் சுட்டார் மனுஷன். ஆப்பிரிக்காவுல டபிள்யூ.டி.எம். பெல் ஆயிரத்துக்கு மேல யானைகளைக் கொன்னதுல பெரும்பகுதி இதே தோட்டாதான். பெருமைப்பட ஒண்ணுமில்லை, கொடுமைதான். ஆனா சின்ன குண்டு சரியான இடத்துல பட்டா என்ன ஆகும்கறதுக்கு அதுக்கு மேல சாட்சி வேண்டியதில்லை.

இதுல ஒரு வேடிக்கை. இந்தியாவுல காலிபரை முடிவு பண்ணது பெரும்பாலும் மலையும் இல்லை, மிருகமும் இல்லை, சர்க்கார்தான். போன நூற்றாண்டோட ஆரம்பத்துல வெள்ளைக்காரன், கலகக்காரங்க கையில பட்டாளத்துத் தோட்டா சிக்கிடக் கூடாதுன்னு .450, .303 மாதிரி அளவுகளை வேட்டைத் துப்பாக்கிக்குத் தடை பண்ணினான். உடனே லண்டன் துப்பாக்கிக் கம்பெனிக்காரங்க .465, .470, .475னு சட்டத்துக்கு ஒரு நூல் தள்ளிப் புதுசு புதுசா இறக்கினாங்க. ஆஸ்திரியாக்காரனோட பழைய பட்டாளத் தோட்டா .315ங்கற பேர்ல நம்ம நாட்டுல நிலைச்சுது. சுதந்திரம் வந்த பிறகும் இச்சாப்பூர் தொழிற்சாலை அதுக்குத்தான் ரைபிள் பண்ணிச்சு. 1959 ஆயுதச் சட்டம், 2019ல திருத்தம், ஒருத்தருக்கு ரெண்டு துப்பாக்கிதான். அதையும் வச்சு என்ன பண்றது, வேட்டை 1972லயே முடிஞ்சுது. நல்லதுக்குத்தான்.

வரையாட்டைச் சுட்ட காலத்தையும் பாத்துடலாம். வெள்ளைக்காரன் அதை நீலகிரி ஐபெக்ஸ்னு கூப்பிட்டான். 1850, 60கள்ல டக்ளஸ் ஹாமில்டன்னு ஒரு ராணுவ அதிகாரி மலை மலையாச் சுத்திச் சுட்டார், படமும் வரைஞ்சார். அவர் கையில இருந்தது கருந்தூள் காலத்துத் துப்பாக்கி. அதை வச்சு முந்நூறு மீட்டர் யோசிக்கவே முடியாது, தவழ்ந்து தவழ்ந்து பக்கத்துல போகணும். இருந்தும் தீர்த்துக் கட்டினாங்க. ஆடு குறையுதுன்னு அவங்களுக்கே பயம் வந்து 1877ல நீலகிரியில வேட்டைச் சங்கம் ஆரம்பிச்சாங்க, 1879ல சட்டம் வந்துச்சு. மூணாறு பக்கம் எஸ்டேட்காரங்களோட சங்கம் முதுவர்களைக் காவலுக்கு வச்சுது. இரவிகுளத்துல இன்னைக்கு வரையாடு மேயறதுக்கு அந்தக் காவலும் ஒரு காரணம், 1975ல சரணாலயம், 1978ல தேசியப் பூங்கா. குன்னூர் வக்கீல் ஈ.ஆர்.சி. டேவிதார் வரையாட்டைத் தேடிப் போய்க் கணக்கெடுத்தவர். அவர் பேர்லதான் இப்ப அக்டோபர் 7ஐ வரையாடு தினமாக் கொண்டாடறோம். சுட்டுக்கிட்டு இருந்த கூட்டமே காவல் காத்த கூட்டமாவும் இருந்துச்சுங்கறது எனக்கு ரொம்ப நாளா செரிக்கலை. இப்பவும் முழுசா செரிச்சதுன்னு சொல்ல மாட்டேன்.

ஏன் இந்தளவுக்கு நான் குதிக்கிறேன்னு தோஸ்த் கேட்டான். "நான் வாங்குற துப்பாக்கி, நான் ஏறுற மலை, உனக்கு என்ன?" நியாயமான கேள்வி.

எனக்குப் பன்னெண்டு வயசுல மாமாவோட ஏர்கன் ஒண்ணு வீட்டுல இருந்துச்சு. அரசலாத்தங்கரையில மடையான் உக்காரும். எங்க பக்கம் மடையான் கறி சாலையோரத்துலயே வித்த காலம் உண்டு, சட்டப்படி தப்பு, அப்ப எனக்கு அது தெரியாது. நாப்பது அம்பது அடி தூரம். பக்கத்துல போனா பறந்துடும்னு அங்கிருந்தே அடிச்சேன். பட்டுச்சு. ஆனா விழலை. ஒரு ரெக்கை தொங்க, ஓடிச்சு. பறவை ஓடும்னு நான் அதுவரைக்கும் நெனச்சுப் பாத்ததே இல்லை. கோரைக்குள்ள பூந்துடுச்சு. இருட்டற வரைக்கும் தேடினேன், கால் முழுக்க சேறு, கோரை கிழிச்ச கீறல். கிடைக்கலை. தாத்தாகிட்ட சொன்னேன். திட்டுவார்னு நெனச்சேன். விடியக்காலம் எழுப்பி, "வா, தேடலாம்"னு கூட்டிட்டுப் போனார். எண்பது வயசுக் கிழவர், வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு கோரைக்குள்ள இறங்கினார். ஒன்பது மணி வரைக்கும் தேடினோம். ஒரு இடத்துல ரெண்டு இறகு கிடந்துச்சு, நரியோ நாயோ. வீட்டுக்கு வந்து மாமாகிட்ட அந்த ஏர்கனைக் கேட்டு வாங்கி, பரண்ல போட்டார். அதைப் பத்தி அப்புறம் பேசவே இல்லை.

கால் கிலோ பறவை. தார்க் கடா நூறு கிலோ. வயித்துல குண்டு வாங்கிட்டு அது ஓடுற இடம் கோரைப்புதர் இல்லை, மனுஷன் கால் வைக்க முடியாத பாறைச் சரிவு. யாரும் இறங்கித் தேட முடியாது. இதைத்தான் எழுதி அனுப்பினேன். அப்புறம் கொஞ்ச நேரம் பதில் வரலை.

சாயங்காலம் வந்துச்சு. அவன் ஊர் நேரம் நடுராத்திரி. "சைலன்சர் போட்டா உதை குறையுமே?" அங்க அது சட்டப்படி கடையில விக்கிற சாமான். குறையும்தான், உண்மை. ஆனா முந்நூறு நானூறு கிராம் கூடும். அப்ப ரெண்டரை கிலோ எங்க போச்சு? மேக்னத்தை அடக்க எடை சேக்கறதுக்கு, முதல்லயே அடங்கின காலிபரை வாங்கி அதுல சைலன்சர் போடு, காதாவது மிஞ்சும்னேன். மெல்லிசான குழல் மூணு குண்டுல சூடாகி இடம் மாத்திச் சுடும்கறதையும் சொன்னேன். அது வேட்டையில பெரிசில்லை, முதல் குண்டுதான் கணக்கு. ஆனா ரேஞ்சுல பழகும்போது எரிச்சல் வரும், எரிச்சல் வந்தா பழக மாட்டான். எனக்குத் தெரியும் அவனை. ஜிம்முக்கு ஒரு வருஷ ஃபீஸ் கட்டிட்டு ஒன்பது நாள் போனவன்.

இன்னொண்ணும் சொன்னேன். ஆடு எங்க நிக்குதுன்னு பாக்காதே, செத்தா எங்க விழும்னு பாரு. பாறை விளிம்புல நிக்கிறதைச் சரியா இதயத்துல அடிச்சாலும் முந்நூறு அடி உருண்டு போய் கறி கூழாயிடும். அது நகர்ந்து தட்டையான இடத்துக்கு வர்ற வரைக்கும் காத்திருக்கணும். அரை மணி ஆகலாம், வராமலே போகலாம். வரலைன்னா போட்டோ எடுத்துட்டு இறங்கி வா.

"போட்டோ எடுக்கவா லைசென்ஸ் வாங்கினேன்? தங்கமணியைத் தனியா உக்கார வச்சு போலீஸ்காரன் அரை மணி நேரம் கேள்வி கேட்டிருக்கான் தெரியுமா"ன்னு பொங்கினான். அங்க லைசென்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி வீட்டுக்காரம்மாகிட்ட விசாரிப்பாங்க, இந்த ஆளை நம்பித் துப்பாக்கி குடுக்கலாமான்னு. எவ்வளவு நல்ல சட்டம் பாருங்க. அவங்க என்ன சொன்னாங்கன்னு மட்டும் அவன் சொல்லவே இல்லை.

நேத்து முடிவு வந்துச்சு. 7எம்எம்-08, டிக்கா, செகண்ட் ஹேண்ட், யாரோ ரெண்டு சீசன் வச்சிருந்து வித்தது. மிச்சக் காசுல நூறு ரவுண்டு தோட்டா. பெரியவர்கிட்ட போய், நடுநடுவுல காலித் துப்பாக்கி கொடுத்துப் பழக்கச் சொல்லிக் கேட்டிருக்கானாம். வெடிக்காத துப்பாக்கியில முனை அசையாம இருக்கிற வரைக்கும் மலைக்குப் போறதில்லைன்னு எனக்கு வாக்கு குடுத்திருக்கான். தொப்பையைப் பத்தி வாக்கு ஒண்ணும் இல்லை.

இன்னைக்குக் காலையில அடுத்த மெசேஜ்: "மாப்ள, ஸ்கோப் மட்டும் பெரிசா வாங்கிக்கவா? 56 எம்எம் லென்ஸ், ஒரு கிலோதான்."

திரும்ப எக்செல்லைத் திறக்கணும். மேனேஜர் ஊர்ல இல்லை.